சாரைக் கேட்டுவிட்டு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம். வரி கோணலாகப் போகும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், நடுவில் எது முன்னே எது பின்னே என்று மறந்தும் போகும். படிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்தில் இருந்த பழைய மனிதர்களைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று குடியிருப்போர் சங்கத்தில் கேட்டார்கள். மற்றவர்கள் டாக்டரைப் பற்றியும் பள்ளிக்கூடம் கட்டியவரைப் பற்றியும் எழுதுவார்கள். எனக்கு நினைவுக்கு வந்தவர் எங்கள் ஸ்டோரில் குடியிருந்த சார். அவர் எதையும் கட்டவில்லை. அபிப்பிராயம் சொன்னார், அவ்வளவுதான்.

பெயரை எழுதவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவர் சார், அவர் மனைவி டீச்சர். டீச்சர் உண்மையிலேயே பள்ளிக்கூடத்து டீச்சர். சார் பீச் ஸ்டேஷன் பக்கம் ஏதோ ஆபீசில் வேலை பார்த்தார்.

ஸ்டோர் என்றால் இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. ஒரே தெருவாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, சுற்றிலும் வரிசையாகப் போர்ஷன்கள். ஒரு போர்ஷனில் கடுகு தாளித்தால் எல்லாப் போர்ஷனிலும் தும்முவார்கள். மேற்குத் தாம்பரத்தில் அப்படி நிறைய இருந்தன. பள்ளிக்கூடம் போகிற மகளோடு நாங்கள் அங்கே குடிவந்தது அறுபதுகளின் நடுவில். அரிசிக்கு க்யூ நின்ற காலம்.

சாயங்காலம் மின்சார ரயிலில் வந்து இறங்கி, கைகால் கழுவி, வேட்டிக்கு மாறி, மடக்கு நாற்காலியை முற்றத்தில் விரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார் சார். கையில் இங்கிலீஷ் பேப்பர் நாலாக மடித்திருக்கும். முதலில் உலக விஷயம். பிறகு நாட்டு விஷயம். அப்புறம் யாராவது ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

"சார், இதை வாங்கலாமா?"

எந்தப் பொருளானாலும் அவர் முதலில் தலைகீழாகக் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார். விரல் முட்டியால் ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். பிறகு, "என்னோட அபிப்பிராயத்தைச் சொல்லட்டுமா?" என்பார். வேண்டாம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய அபிப்பிராயங்கள் பலதும் சரியாகவே இருந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்காதீர்கள் என்று அவர்தான் முதலில் சொன்னார். பிளாஸ்டிக் வாளி வந்தபோது நாங்கள் சிரித்தோம், கிணற்றில் இடித்தால் உடைந்து போகாதா என்று. "உடையாது, துரு பிடிக்காது, இடுப்பும் வலிக்காது" என்றார். அப்படியே ஆயிற்று. ரேஷனில் கோதுமை போட்டபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எல்லாரும் விழித்தோம். "உடைச்சு உப்புமா கிண்டுங்க, கஞ்சி காய்ச்சுங்க. அரிசி இல்லேன்னா மனுஷன் செத்தா போயிடுவான்?" என்றார். அவர் வீட்டில் உடைத்ததும் கிண்டியதும் டீச்சர்தான்.

மனிதன் நிலாவில் கால் வைத்தபோது ஸ்டோரே அவர் நாற்காலியைச் சுற்றி நின்றது. "போனது பெரிசில்ல. அங்கேர்ந்து திரும்பி வந்து பொண்டாட்டி கையால காப்பி குடிக்கிறான் பாருங்க, அதுதான் பெரிசு" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

என் மகளை எட்டாவதோடு நிறுத்தலாம் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். சார் கூப்பிட்டு வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார். மகள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தாள், டைப் அடித்தாள், வேலைக்குப் போனாள். அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு சமயம் டிரான்சிஸ்டர் வாங்க ஆசைப்பட்டார். வழக்கம்போல சாரைக் கேட்டார். "பெரிய ரேடியோன்னா வீட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேப்பீங்க. இது ஒருத்தன் காதோட ஒட்டிக்கிட்டே போயிடும். அப்பறம் வீட்டுல பேச்சு ஏது?" என்றார் சார். இவர் சரியென்று விட்டுவிட்டார். பெரிய ரேடியோ வாங்க எங்களால் ஆகவில்லை. மத்தியானமெல்லாம் தனியாக இருந்தவள் நான். அந்தச் சின்னப் பெட்டி எனக்குப் பேச்சுத்துணையாக இருந்திருக்கும். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு ஆண்கள் முன்னால் வாயே வராது.

சாருக்கு அடங்காதவள் ஒருத்திதான், கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வரும் மீன்காரம்மா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த கையோடு சார் அவள் கூடைக்கு முன்னால் நிற்பார். மீனையும் வாலைப் பிடித்துத் தூக்கித் திருப்பிப் பார்ப்பார்.

"இன்னா சாரே, மேலயும் கீழயும் பாத்துகினு கீற? மீனுக்கு அடியில இன்னா கம்பெனி பேரா போட்டுகீது?"

"ஐஸ்ல வச்ச மீனா இதுன்னு பாக்கறேன். என்னோட அபிப்பிராயம் என்னன்னா…"

"உன் அபிப்பிராயத்த கொயம்புல போடு. வூட்டுக்காரம்மாவ கூப்புடு. அது செவுள தூக்கிப் பாத்து வாங்கிக்கும்."

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வருவார்கள். சாரும் சிரிப்பார். கேலி செய்தால் கோபிக்கிற மனிதர் இல்லை அவர். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேசுவது இன்னும் கஷ்டம்.

இனி மங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு நடந்ததைச் சொல்லாமல் சாரைப் பற்றிச் சொன்னால் அது பாதிதான்.

மங்கை எங்கள் எதிர்ப் போர்ஷனுக்குப் புதுப்பெண்ணாக வந்தாள். வண்டலூர்ப் பக்கத்துப் பெண். அவள் வீட்டுக்காரர் பல்லாவரத்தில் தோல் ஷெட்டில் மேஸ்திரி. நல்ல மனிதர், ஆனால் மனைவி சொல்வதைக் காதில் வாங்குவது ஆம்பிளைக்கு அழகில்லை என்று நினைப்பவர். மங்கைக்குத் துருதுருவென்ற கண்கள். அவளுக்கு எல்லாமே வேண்டும், எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். என்னை அக்கா என்பாள். நான் பேசாததற்கும் சேர்த்து அவளே பேசுவாள்.

ஒரு சாயங்காலம் கணவனையும் இழுத்துக்கொண்டு சாரின் நாற்காலி முன்னால் வந்து நின்றாள்.

"சார், நைலான் பொடவ கட்டலாமா? உடம்புக்கு ஆகாதுங்கறாரு இவரு."

அப்போதுதான் நைலான் பரவிக்கொண்டிருந்தது. சில வீடுகளில் பெரியவர்கள் திட்டினார்கள், உடம்பு தெரிகிறது என்று. சார் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"தாராளமா கட்டலாம். என்னோட அபிப்பிராயத்தைச் சொல்லட்டுமா? பெண்களுக்கு வேலை மிச்சம். துவைச்சுப் போட்டா உடனே காயுது. கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம். ஆம்பளைங்க நாம டெரிலின் சட்டை போட்டுக்கறோம், அவங்க மட்டும் ஏன்யா கஞ்சி போட்டுக்கிட்டுக் கிடக்கணும்?"

மேஸ்திரி தலையாட்டினார். அடுத்த வாரமே மங்கை கத்திரிப்பூ நிறத்தில் ஒன்று கட்டிக்கொண்டு முற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். நாங்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தோம். தண்ணீரைத் தொட்டதுபோல வழுக்கியது.

அதற்குப் பிறகு கேஸ் வந்தது. எழுபதா, எழுபத்திரண்டா, தெரியவில்லை. கழுத்தில் டை கட்டிய ஒரு ஆள், மூன்று சக்கர வண்டியில் சிலிண்டரும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஸ்டோருக்கு வந்தார். முற்றத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு அடுப்பை வைத்து, தீக்குச்சியைக் கிழித்துத் திருகினார். நீலமாகப் பூ பூத்ததுபோல எரிந்தது. டீச்சர் கொண்டுவந்த பாலை வைத்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பொங்கிவிட்டது.

நாங்கள் அப்போது பம்பு ஸ்டவ்வில் சமைத்துக்கொண்டிருந்தோம். கிருஷ்ணாயில் ஊற்றி, ஸ்பிரிட் விட்டுச் சூடாக்கி, பம்பு அடித்து, அடைத்துக்கொண்டால் ஸ்டவ் பின்னை விட்டுக் குத்தி, அது ரயில் மாதிரி இரைகிற இரைச்சலில் பிள்ளை அழுதாலும் கேட்காது. அப்படி இருந்தவர்களுக்கு அந்த நீலப் பூ எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மங்கை பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்த்து, விரலை எங்கள் எல்லாரிடமும் காட்டினாள்.

"அக்கா, பாரேன்! கரியே இல்ல!"

அந்த ஆளிடம் முதலில் பேர் கொடுத்தவள் மங்கைதான். பிறகு டீச்சர். பிறகு நானும், என் வீட்டுக்காரரைக் கேட்காமலே. அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ.

அந்த ஆள் வண்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது சார் ரயிலிலிருந்து வந்தார். சிலிண்டரைக் கவிழ்க்க முடியவில்லை. சுற்றி வந்து பார்த்தார், முட்டியால் தட்டினார்.

"இது எதுல செஞ்சது? இரும்பா? உள்ள என்ன அழுத்தம்?"

டை கட்டியவர் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். சாரும் இங்கிலீஷில் கேட்டார். கடைசியில் தமிழில் எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"என்னோட அபிப்பிராயத்தைச் சொல்லட்டுமா? வடக்க ஒரு ஊர்ல இது வெடிச்சு வீட்டுச் சுவரே போயிடுச்சு, பேப்பர்ல படிச்சேன். நம்ம ஸ்டோர்ல சுவரோட சுவர் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு வீட்டுல போனா எல்லா வீடும் போகும். ராத்திரி ஒரு குண்டைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கப் போறீங்களா?"

வேலையிலிருந்து திரும்பியிருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். மேஸ்திரி நேராகப் போய், "எங்க பேர அடிச்சிடுங்க" என்றார். என் வீட்டுக்காரரும் என் பேரை அடிக்கச் சொன்னார். டீச்சர் தானே போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

மங்கை மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்:

"சார், நீங்க ஒரே ஒரு நாளைக்குப் பம்பு ஸ்டவ் பத்த வச்சுப் பாருங்க. அப்பறம் உங்க அபிப்பிராயத்த நாங்க எல்லாரும் வந்து கேக்கறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். சாரும்தான். "உங்க டீச்சரம்மா என்னை அடுப்படிப் பக்கமே விடறதில்லையே" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

மறுநாள் கிணற்றடியில் டீச்சர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்கள்: "அவர் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஆபத்துதான். ஆனா தினம் காலையில ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள அந்த ஸ்டவ்வோட மல்லுக்கட்டறது யாருன்னு அந்தப் பேப்பர்ல போடல."

இப்போது என் பேரன் போனில் ஒரு மிக்ஸியின் படத்தைப் பார்க்கிறான். அதற்கு அடியில் முகம் தெரியாத பத்துப் பேர் நல்லது, கெட்டது என்று எழுதியிருக்கிறார்களாம். அதைப் படித்துவிட்டு வாங்குகிறான். அந்தப் பத்துப் பேரில் அதில் அரைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். "எல்லாரும்தான் சொல்றாங்க பாட்டி" என்றான். எனக்குச் சாரின் நாற்காலி நினைவுக்கு வந்துவிட்டது.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை. சாருக்கு அரை நாள் ஆபீஸ், வந்து சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பொழிச்சலூரில் மங்கையின் அக்காவுக்கு வளைகாப்பு. கத்திரிப்பூ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, புறப்படத் தயாராக நின்றாள். மேஸ்திரி ஷேவ் செய்துகொண்டே, கிளம்பும் முன் ஒரு வாய் காப்பி போடு என்று கேட்டிருக்கிறார். புடவையை மாற்றிவிட்டா போடுவாள்? அவசரத்தில் ஸ்டவ்வை மூட்டியிருக்கிறாள். அடைத்துக்கொண்டது. குனிந்து பின்னை விட்டுக் குத்தியிருக்கிறாள். குபீரென்று தீ எழும்பி முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

நான் கேட்டது ஒரே ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் வாசற்படிக்கு வந்துவிட்டிருந்தாள். நைலான் பஞ்சுபோல எரிந்து உதிராது. உருகி ஒட்டிக்கொள்ளும். மேஸ்திரி கையால் பிய்க்கப் பார்த்தார், அவர் கையும் வெந்தது. கிணற்றடியில் கிடந்த ஈரச் சாக்கை நானும் டீச்சருமாக எடுத்து அவள்மேல் சுற்றினோம்.

அடுப்படியில் ஸ்டவ் அப்படியே கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சார் பேப்பரும் கையுமாக அதன் முன்னால் நின்றார். காற்றைத் திறந்துவிட்டால் அணைந்துவிடும், ஒரு சின்னத் திருகு அது. எந்தப் பக்கம் இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. டீச்சர் அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் திறந்துவிட்டார்கள். புஸ்ஸென்று அடங்கியது.

மங்கை பிழைத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வெகு நாள் கிடந்தாள். இடது கை, தோள், கழுத்து, தாடையின் ஒரு பக்கம். திரும்பி வந்தபோது கழுத்தை ஒரு பக்கம் திருப்ப வராமல், உடம்பையே திருப்பிப் பார்த்தாள். பேச்சும் குறைந்துவிட்டது. மேஸ்திரி அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார், அதைப் பார்க்க இன்னும் சங்கடமாக இருந்தது.

சார்மேல் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் மடக்கு நாற்காலியை விரித்தார், உலக விஷயம் பேசினார். எங்கேயோ சண்டை, எங்கேயோ வெள்ளம். யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்தால் மட்டும், கவிழ்த்துப் பார்க்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்து, "வீட்டுல யார் பயன்படுத்தறாங்களோ அவங்களைக் கேளுங்க" என்பார். கேட்க வந்தவர்களுக்கு ஏமாற்றமாகிவிடும். சிலருக்குக் கோபம்கூட. "சாருக்கு என்ன ஆச்சு, பெரிய மனுஷத்தனம் காட்டறாரு" என்று என் வீட்டுக்காரரே சொன்னார். எங்களுக்கெல்லாம் யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்போல.

கடைசியில் வாயைத் திறந்தவள் மீன்காரம்மா. அவள் எங்கள் ஸ்டோர்க்காரி இல்லை அல்லவா, அவளுக்கு என்ன கூச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லார் எதிரிலும் கேட்டாள்:

"இன்னா சாரே, அந்தப் பொண்ணு கட்டிகினு வெந்ததே, அந்தப் பொடவ நீ நல்லதுன்னு சொன்னதாமே? கேசு வாணாம்னதும் நீதானாமே?"

சார் மீனைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"ஆமாம்மா. நான்தான்."

"அடப் பாவமே" என்றாள் அவள். அது திட்டா, பரிதாபமா, தெரியவில்லை. மீனை அவர் கையிலிருந்து வாங்கிக் கூடையில் போட்டுவிட்டு டீச்சரைக் கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் நான் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். சார் வந்து கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் நேராகப் பேசியது குறைவு.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதான் எதையும் பேசாம பாத்துக்கிட்டு இருக்கறவங்க. என்னாலதானா?"

ஆமாம் என்று சொல்லவா, இல்லை என்று சொல்லவா? ஆமாம் என்றால் அந்த மனிதர் நொறுங்கிப் போவார். இல்லை என்றால் அது பொய். என்னை ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு எப்படி வந்ததோ, சொல்லிவிட்டேன்:

"அவளையே கேளுங்க சார்."

"சரி. நீங்களும் கூட வாங்கம்மா" என்றார். மேஸ்திரி வீட்டில் இல்லை. ஆம்பிளை தனியாகப் போய் நிற்பது சரியில்லை என்றுதான் கூப்பிட்டார்.

மங்கை கதவுக்கு உட்புறம் பலகையில் உட்கார்ந்து, கோழி இறகால் கையில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். பழைய நூல் புடவை. எங்களைப் பார்க்க உடம்பைத் திருப்பினாள்.

"உக்காருங்க சார்" என்றாள். அவர் உட்காரவில்லை. வழக்கமான முன்னுரை எதுவும் சொல்லாமல் பேச ஆரம்பித்தார்.

"எல்லாம் என்னாலதான்மா. புடவை கட்டச் சொன்னதும் நான்தான், கேஸ் வேண்டாம்னதும் நான்தான். எனக்கு ராத்திரியில தூக்கம் இல்ல. முழுக்க முழுக்க என் தப்பு. நீ என்னை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கியது. மங்கை அழவில்லை. இறகைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"பொடவய நீங்க சொல்லித்தான் வாங்கினேன்னு யாரு சார் உங்களுக்குச் சொன்னது?"

"நீதானேம்மா வந்து கேட்டே…"

"கேட்டேன். கடையில பாத்து எடுத்து வைக்கச் சொல்லிட்டு வந்துதான் கேட்டேன். நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு, நீங்க சொன்னா கேப்பாரு. அதுக்காகக் கேட்டேன். நீங்க வேணாம்னிருந்தா வேற யாரையாவது சொல்ல வச்சிருப்பேன். எனக்கு அந்தக் கலர் அவ்வளோ பிடிச்சிருந்துது சார். என் ஆசைக்குன்னு நான் வாங்கினது அது ஒண்ணுதான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதையும் உங்க கணக்குல எடுத்துக்கணுமா?"

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மங்கை நிறுத்தவில்லை.

"பொடவ என்னோடது. அடுப்புதான் உங்களோடது. நான் பேரு குடுத்திருந்தேன், நீங்க அடிக்க வச்சீங்க. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கு மன்னிப்பு கேக்க வந்திருந்தீங்கன்னா, எனக்கு இன்னும் வரல சார். தேடித்தான் பாக்கறேன், வரல. வந்தா சொல்லி அனுப்பறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது, வந்ததும் தருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். சார் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று தோன்றியது. எல்லாப் பழியையும் சுமக்கத் தயாராக வந்தவருக்கு, அவருடைய பங்கை மட்டும் பிரித்துக் கொடுத்து அனுப்பினாள் அந்தப் பெண். முழுசாகக் கொடுத்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்குமோ என்னவோ. அழுதுவிட்டுப் போயிருப்பார்.

பிறகு மங்கையும் மேஸ்திரியும் குரோம்பேட்டைப் பக்கம் வீடு மாறிப் போனார்கள். சாரும் டீச்சரும் சேலையூரில் சொந்தமாகச் சின்ன வீடு கட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் ஸ்டோரையும் இடித்துவிட்டார்கள். நான் அவர்களில் ஒருவரையும் பிறகு பார்க்கவில்லை. சார் காலமாகிவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். கேஸ் வந்த வருஷம், புடவையின் நிறம், சனிக்கிழமையா வேறு கிழமையா என்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். அந்த ஸ்டோரில் இருந்தவர்களோ, டீச்சரின் பிள்ளைகளோ யாராவது படித்தால் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். மங்கை அவருக்குச் சொல்லி அனுப்பினாளா என்பதை மட்டும் தெரிந்தவர்கள்தான் எழுத வேண்டும். நானாக எழுதினால் நல்லபடியாக முடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.